இடைவேளையில் நின்றுபோகும் படம்

பழைய சினிமாத் தகடு ஒன்றைக் கணினியில் போடுகிறோம். எழுத்து ஓடுகிறது, முதல் பாட்டு முடிகிறது, கதை சூடுபிடிக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒலி விக்குகிறது. பிறகு எல்லாம் உறைந்து நின்றுவிடுகிறது. எடுத்துவிட்டு மறுபடி போட்டால், மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது. இன்னொரு வீட்டில் தொல்லை வேறு மாதிரி. தகடு சுழலும் சத்தம் கேட்கிறது, கணினியோ டிரைவ் காலியாக இருக்கிறது என்கிறது. மூன்றாவது வீட்டில் படம் நன்றாக ஓடுகிறது, பாட்டும் கேட்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

மூன்றையும் நாம் ஒரே பேச்சில் முடித்துவிடுவோம்: ‘சிடி போயிடுச்சு.’ தகடு குப்பைக்குப் போகும். உண்மையில் இந்த மூன்று கோளாறுகளுக்கும் ஒன்றுக்கொன்று உறவில்லை. முதலாவது பெரும்பாலும் தகட்டின் விளிம்பில் இருக்கிறது. இரண்டாவது டிரைவில் இருக்கலாம். மூன்றாவதில் தகடும் டிரைவும் நலம், கணினியில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தனிப் படிப்பு தேவையில்லை. தகட்டிலிருந்து திரைக்குப் படம் எப்படி வந்து சேர்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

தகட்டிலிருந்தே தொடங்குவோம். டிவிடி 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அகலம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ. பார்வைக்கு ஒரே துண்டாகத் தெரிந்தாலும், அது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டிச் செய்தது. படம் பதிந்திருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். பதிவு என்பது நுண்ணிய குழிகளின் வரிசை. மிகச் சிறிய குழியின் நீளம் 0.4 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் குழிகள் கொசுவர்த்திச் சுருள் போன்ற ஒரே பாதையில் அமைந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்தான். சுருளைப் பிரித்து நீட்ட முடிந்தால் ஏறக்குறைய 11.8 கிலோமீட்டர் வரும்.

இந்தச் சுருள் உள்ளிருந்து வெளியே போகிறது. கிராமபோன் இசைத்தட்டு இதற்கு நேர் எதிர், அங்கே முள் விளிம்பில் தொடங்கி நடுவுக்கு வரும். டிவிடியில் படத்தின் தொடக்கம் நடுத்துளைக்கு அருகில் இருக்கிறது. அதற்கும் உள்ளே, துளையை ஒட்டிய வளையத்தில், ‘நான் இன்ன வகைத் தகடு’ என்ற அறிமுகம் பதிந்திருக்கிறது. அறிமுகம் படிக்கப்படாவிட்டால் டிரைவ் மேற்கொண்டு போகாது. விளிம்பெல்லாம் பளபளவென்று இருந்தும் ஒரு தகடு அடையாளமே காணப்படாமல் போவதற்கு இது ஒரு காரணம். துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு அழுக்கோ கீறலோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி அந்த ஒன்றேகால் மணி நேரப் புதிர். ஓர் அடுக்கில் பதிந்த டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படத்தை நல்ல தரத்தில் பதிய இது பெரும்பாலும் போதாது. அதனால் ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்குகளாகப் பதிகிறார்கள், அப்போது கொள்ளளவு 8.5 ஜிபி. முதல் அடுக்கு அரைகுறையாக ஒளியை ஊடுருவ விடும். லேசர் தன் குவியத்தைச் சற்று ஆழமாக்கி இரண்டாம் அடுக்கைப் படிக்கும். சினிமாத் தகடுகளில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே போகும், இரண்டாம் அடுக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். திரும்பும் இடம் படத்தின் நடுப்பகுதி. நமது படங்களில் அது ஏறத்தாழ இடைவேளை. தகடு நிறையப் பதிவு இருந்தால் அந்த இடம் விளிம்பை ஒட்டி இருக்கும். விளிம்பு என்பது நாம் விரலால் பிடிக்கும் இடம். உறையில் உரசும் இடமும், ஒட்டு விட்டுப்போனால் முதலில் காற்றும் ஈரமும் நுழையும் இடமும் அதுவே. ஆகவே நடுவில் நிற்கும் படத்துக்கு விளிம்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நொடி மட்டும் தயங்கிவிட்டுப் படம் தொடர்ந்தால் அது கோளாறே இல்லை. லேசர் அடுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

இதே கணக்கில், ஓர் அடுக்குத் தகட்டில் படம் கடைசிக் காட்சிகளில் நின்றால் குற்றம் வெளிவட்டத்தில் இருக்கும், தொடக்கத்தில் திக்கினால் உள்வட்டத்தில். நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் தகட்டில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

கீறல் விழுந்த தகடெல்லாம் நின்றுபோவதில்லையே, அது ஏன்? இதற்கான விடை மிக அழகானது. 1960இல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் ஒரு பிழைதிருத்த முறையை வெளியிட்டார்கள். தகவலோடு சில கூடுதல் எண்களையும் சேர்த்து எழுதிவைத்தால், தகவலில் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியைக் கொண்டு அழிந்ததைக் கணக்கிட்டு மீட்கலாம் என்பது அதன் சாரம். டிவிடியில் 32 கேபி தகவலை ஒரு கட்டமாக அடுக்கி, குறுக்கிலும் நெடுக்கிலும் இந்தக் கூடுதல் எண்களை வைக்கிறார்கள். பாதையின் போக்கில் சுமார் 6 மி.மீ. நீளத்துக்குக் குழிகள் மறைந்துபோனாலும் டிரைவ் அவற்றைக் கணக்கிட்டு நிரப்பிவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது.

‘பாதையின் போக்கில்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம்தான் வெட்டுகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும். வட்டமாக ஓடும் கீறல் பாதையோடு கூடவே போகிறது. ஒரே சுற்றில் பல சென்டிமீட்டர் மறைந்துவிட்டால் கணக்குக்குப் பிடி கிடைக்காது. தகட்டை வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். துணியில் சிக்கிய ஒரு மணல்துகள் வட்டக் கீறல் போட்டால் சேதம் பெரிது, நேர்க் கீறல் போட்டால் சிறிது. மென்மையான பருத்தித் துணி, தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். நடுவிலிருந்து வெளியே, நேராக, அழுத்தாமல் துடைத்து, நிழலில் உலர விட வேண்டும்.

பற்பசை தேய்ப்பதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். அது மெல்லிய உராய்பொருள். கீறலின் கூரான ஓரங்களைச் சற்று மழுங்கடித்து லேசரைக் கடக்க விடலாம், அதனால் சில தகடுகள் அதன்பின் ஓடியிருக்கின்றன. புதிய கீறல்களையும் அதே பற்பசை போடும். வேறு வழியே இல்லாதபோது, சேதப்பட்ட இடத்தில் மட்டும் செய்து பார்க்கலாம். எண்ணெய் தடவுவது வேண்டாம். வேகமாகச் சுழலும் தகட்டிலிருந்து அது தெறித்து லேசர் லென்ஸில் படியும். நடுத்துளையைச் சுற்றி விரிசல் கண்ட தகட்டை டிரைவில் போடவே கூடாது. 16 மடங்கு வேகத்தில் டிவிடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 முறை சுற்றுகிறது, விரிசல் அந்த வேகத்தைத் தாங்காது.

விசிடிக்கு வேறு கணக்கு. 1993இல் வகுக்கப்பட்ட இந்த முறையில் ஒரு குறுந்தகட்டில் 74 நிமிடப் படம் அடங்கும். நமது படங்கள் இரண்டு மூன்று தகடுகளாக வந்தது அதனால்தான். குறுந்தகட்டில் பதிவு நடுவில் இல்லை. படம் ஒட்டிய மேல்பக்கத்துக்கு நேர்கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. லேசர் படிக்கும் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காப்பு உண்டு, மேல்பக்கத்தில் காப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு விசிடிகளில் படத்தின் பெயரைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதி வைத்திருந்தோம். எழுத்து இருந்த இடங்களிலெல்லாம் பதிவு போய்விட்டது. ஒளியில் பிடித்துப் பார்த்தால் எழுத்தின் வடிவத்திலேயே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. இந்தச் சேதத்தை எந்தத் துணியும் பற்பசையும் சரிசெய்யாது. போதாக்குறைக்கு, அதிகப் படம் அடக்குவதற்காக விசிடியில் பிழைதிருத்தத்தின் ஓர் அடுக்கையே எடுத்துவிட்டார்கள். கணினித் தகவல் தகட்டில் ஒரு பகுதிக்கு 2,048 பைட் என்றால் விசிடியில் 2,324. அந்தக் கூடுதல் இடம் பிழைதிருத்தத்திடமிருந்து எடுத்தது. விசிடி சட்டென்று கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

தகடு சுத்தமாக இருந்தும் ஓடவில்லை என்றால் டிரைவைப் பார்க்க வேண்டும். இங்கே நமக்குக் கண்ணைவிடக் காது உதவும். தகட்டை உள்ளே தள்ளியதும் டிரைவ் சில வேலைகளை வரிசையாகச் செய்கிறது. லேசரை ஏற்றி லென்ஸை மேலும் கீழும் அசைத்துப் பதிவு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தேடுகிறது. தகட்டைச் சுழற்றுகிறது. பாதையைப் பிடிக்கிறது. உள்வளைய அறிமுகத்தைப் படிக்கிறது. பிறகுதான் கணினிக்கு ‘தகடு தயார்’ என்று சொல்கிறது. தகடு சுழலவே இல்லை என்றால் லேசரோ மோட்டாரோ வேலை செய்யவில்லை. சுழன்று, நின்று, மறுபடி சுழன்று கடைசியில் ஓய்ந்தால், டிரைவ் பாதையைப் பிடிக்க முயன்று தோற்கிறது என்று பொருள். அது லென்ஸில் தூசியாக இருக்கலாம். மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் லென்ஸ் தட்டோடு வெளியே வருவதால் தூசி எளிதில் படியும். ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிட்டுப் பார்க்கலாம். வாயால் ஊதினால் எச்சில் படும்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘பாட்டு சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை. அப்படியானால் டிரைவ் நன்றாகத்தானே இருக்கிறது?’ அப்படிச் சொல்ல முடியாது. குறுந்தகட்டைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் வேண்டும். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். டிரைவுக்குள் இரண்டுக்கும் தனித்தனி மூலங்கள் இருக்கின்றன. ஒன்று மங்கி மற்றொன்று நலமாக இருப்பது இயல்பாக நடக்கக்கூடியது. டிரைவுக்குள் ஒரு லேசர் ஓய்ந்துபோனால் தகட்டை எத்தனை முறை துடைத்தும் பயன் இல்லை.

இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிரைவ் இல்லாததால் யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிரைவ் வாங்குகிறோம். அதற்குத் தனி மின்கம்பி கிடையாது, கணினியே மின்சாரம் தர வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. தகட்டைச் சுழற்றத் தொடங்கும் நேரத்தில் சில டிரைவுகள் இதற்கு மேலும் கேட்கும். மின்சாரம் போதாதபோது டிரைவ் கணினியிலிருந்து விடுபட்டு, மறுபடி இணைந்து, மறுபடி விடுபடும். இணைப்பு ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தேகம் மின்சாரத்தின் மேல் இருக்கட்டும். பல துளை ஹப்பை விட்டுவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருக வேண்டும். மேசைக் கணினியானால் பின்பக்கத் துளை நல்லது. இரட்டைத் தலை கம்பி இருந்தால் இரண்டையும் செருக வேண்டும்.

தகடா டிரைவா என்று தீர்மானிக்க நிச்சயமான சோதனை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதே தகட்டை வேறொரு டிரைவில் போட வேண்டும், அதே டிரைவில் அதே வகையைச் சேர்ந்த வேறொரு தகட்டைப் போட வேண்டும். டிவிடிக்கு டிவிடியைத்தான் ஒப்பிட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். ஒரே தகடு எல்லா டிரைவிலும் ஒருபோல ஓடாது என்பதும் உண்மை. ஒரு டிரைவ் கைவிட்ட தகட்டை இன்னொன்று எளிதாகப் படித்துவிடும்.

டிரைவே கணினியில் தெரியவில்லை என்றால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்கு அருகே மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 19, 39 போன்ற பிழை எண்கள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் மென்பொருள்தான். தகடு எழுதும் மென்பொருள்கள் தங்களை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையே நுழைத்துக்கொள்கின்றன. பின்பு நீக்கும்போது முழுதாக வெளியேறாமல் அடைப்பை விட்டுச் செல்கின்றன. டிவைஸ் மேனேஜரிலேயே டிரைவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் அதைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். சில நேரம் இது போதும்.

தகடும் நலம், டிரைவும் நலம், ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்கள் வரிசையாகத் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை. இந்த நிலையில்தான் மக்கள் அதிகம் தவிக்கிறார்கள்.

டிவிடியில் படம் அப்படியே இருப்பதில்லை. எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. ஒலி பெரும்பாலும் டால்பி முறையில் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கியதை விரிக்கும் மென்பொருள் துண்டுக்குக் கோடெக் என்று பெயர். இந்த முறைகளுக்குக் காப்புரிமை இருந்ததால் ஒவ்வொரு கோடெக்குக்கும் உரிமக் கட்டணம் இருந்தது. விண்டோஸ் 7இன் பதிப்புகள் பலவற்றில் அது சேர்ந்தே வந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் மைக்ரோசாஃப்ட் டிவிடி வசதியை எடுத்துவிட்டது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது தானாக வருவதில்லை. பழைய கணினியில் ஓடிய தகடு புதிய கணினியில் ஓடாததற்கு இது மிக எளிய காரணம். தகடு மாறவில்லை, அதை விரிக்கத் தெரிந்த கருவி நீக்கப்பட்டுவிட்டது. எம்பெக்-2க்கான அமெரிக்கக் காப்புரிமைகளில் கடைசியானது 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. வசதி மட்டும் திரும்பவில்லை.

இந்த இடத்தை நிரப்புவது விஎல்சி பிளேயர். எகோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது. 2001இல் பொது உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் விண்டோஸிடம் எதையும் கேட்பதில்லை. விசிடியையும் ஓட்டும். கட்டணம் கிடையாது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும், ‘கோடெக் பேக்’ என்ற பெயரில் வரும் மூட்டைகள் வேண்டாம்.

கோடெக்கைத் தாண்டியும் ஒரு பூட்டு இருக்கிறது. கடையில் வாங்கிய பெரும்பாலான சினிமா டிவிடிகள் சிஎஸ்எஸ் என்ற முறையில் பூட்டப்பட்டவை. 40 பிட் நீளமுள்ள சாவி. டிரைவும் பிளேயரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கைகுலுக்கிய பிறகே டிரைவ் சாவியைத் தரும். ஃபைல் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்கவோ நகலெடுக்கவோ முடியாமல் போவது இதனால் இருக்கலாம். இந்தப் பூட்டு 1999இல் உடைந்தது. திறக்கும் நிரலை வெளியிட்டவர்களில் ஒருவரான யோன் லெக் யோஹன்சன் என்ற நார்வேச் சிறுவர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது, அந்த ஆண்டின் இறுதியில் மேல்முறையீட்டிலும் அவர் விடுவிக்கப்பட்டார். சொந்தக் காசில் வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமா என்பதே அந்த வழக்கின் மையக் கேள்வி.

பூட்டோடு மண்டல எண்ணும் வருகிறது. உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தகடு இன்னொன்றில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5, சீனா 6. லண்டனிலிருந்து மாமா கொண்டுவரும் ஆங்கிலப் படம் இங்கே மறுப்பது இதனால்தான். தமிழ்ப் பட டிவிடிகளில் பல எல்லா மண்டலத்துக்குமாக வந்தவை, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

2000ஆம் ஆண்டு முதல் கணினி டிரைவுகளில் மண்டல எண் டிரைவின் உள்ளேயே பதியப்படுகிறது. அதை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்ததே நிலைத்துவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் எண்ணிக்கை திரும்பாது, ஏனென்றால் அது விண்டோஸில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் ‘டிவிடி ரீஜன்’ என்ற பக்கத்தில் மீதம் எத்தனை என்று தெரியும். அவசரத்தில் மாற்றிவிடக் கூடாத ஒன்று இது. புதிதாக வாங்கிய வெளி டிரைவில் எந்த மண்டலமும் வைக்கப்படாமலே இருக்கலாம். அப்போது பிளேயர் சாவி கிடைக்காமல் நெடுநேரம் தடுமாறும். 5 என்று ஒருமுறை வைத்துவிட்டால் சரியாகும். பால், என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கணினித் திரை இரண்டையும் காட்டும்.

பால் பற்றிப் பேசும்போது இசை ரசிகர்களுக்கு ஒரு செய்தி. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது, பால் டிவிடி 25இல் ஓடுகிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே பாட்டின் சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். திரையரங்கில் கேட்டதுபோல் இல்லையே என்று தோன்றினால் காது சரியாகத்தான் இருக்கிறது.

கிணற்றுக்குள் வசனம் கேட்கும் வீட்டுக்கு வருவோம். 5.1 ஒலியில் ஆறு தடங்கள் உண்டு. இசை இடம், வலம், பின்பக்கம் எனப் பரவும். வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் மட்டும் இருக்கும். வீட்டில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். ஆனால் விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 என்று வைத்திருந்தால், நடுத் தடம் இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பப்படும். வசனம் அங்கே போய்க் காணாமல் போகிறது. அமைப்பை ஸ்டீரியோ என மாற்றினால் ஆறு தடங்களும் இரண்டில் கலந்து வரும். தகட்டிலேயே ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் பிளேயரின் ஆடியோ பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆள் ஓடும்போது உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் அதுவும் தகட்டின் குற்றம் இல்லை. பழைய தொலைக்காட்சிக்காக ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளைத் தனித்தனியாகப் பதிந்த படம் அது. விஎல்சியில் ‘டிஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கினால் பற்கள் மறையும்.

ப்ளூ-ரே பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதன் லேசர் 405 நானோமீட்டர், ஓர் அடுக்கில் 25 ஜிபி. டிவிடி டிரைவால் அதைப் படிக்கவே முடியாது. பூட்டும் கடினமானது. சாவிகள் அவ்வப்போது மாறுவதால் பிளேயர் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேக் கணினிகளில் ஆப்பிள் ப்ளூ-ரே படம் ஓட்டும் வசதியை ஒருபோதும் தரவில்லை. அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேயை அதிகாரபூர்வமாக ஓட்ட இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. 11ஆம் தலைமுறையிலிருந்து மேசைக் கணினிச் செயலிகளில் இன்டெல் அதைக் கைவிட்டது. புதிய கணினியில் ஓடாத தகடு பழையதில் ஓடும் நிலை இங்கேயும் வந்துவிட்டது.

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்று. பூட்டுக்குக் காரணம் இருந்தது. திருட்டு விசிடி நம் ஊரில் எவ்வளவு பேருடைய உழைப்பைத் தின்றது என்பது தெரியாததல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. ஆனால் பூட்டைப் போட்டவர்கள் சாவியைக் காலத்துக்கும் தந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்யவில்லை. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. நேர்மையாக வாங்கிப் பார்க்கலாம் என்று எத்தனையோ குடும்பங்கள் வாங்கின. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018இல் உத்தரவாகிவிட்டது. வாங்கிய தகடு வீட்டில் இருக்கிறது, அதை ஓட்டும் வழியைக் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது நியாயமாகப் படவில்லை.

கடைத் தகடு போனால் அந்தப் படத்தை வேறு எங்காவது பார்க்க முடியும். அதே அலமாரியில் இருக்கும் கல்யாண டிவிடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது அச்சில் வார்த்த தகடு அல்ல. சாயப் பூச்சில் லேசரால் எழுதியது. வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் மங்கும், கீறலே இல்லாமலும் ஒருநாள் படிக்கப்படாமல் போகும். அதில் பூட்டு கிடையாது, நகலெடுக்கத் தடையும் இல்லை. ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே கணினிக்கு மாற்றலாம். உள்ளே படம் ஒவ்வொரு ஜிபி அளவில் துண்டாகியிருக்கும். பெயரை மாற்றாமல், முழு ஃபோல்டரையும் விஎல்சியில் திறந்தால் தொடர்ச்சியாக ஓடும். கணினி அதை வெற்றுத் தகடு என்று சொன்னால், எழுதியவர் கடைசியில் செய்ய வேண்டிய ‘ஃபைனலைஸ்’ என்ற முடிப்பு வேலையை விட்டிருக்கலாம். எழுதிய அதே கருவியிலோ அதே வகைக் கருவியிலோ முடித்துக்கொள்ளலாம்.

நகல் நடுவில் நின்றால் அதே தகட்டைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்க வேண்டாம். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து பலமுறை முயலும். எதை எடுத்தது, எது பாக்கி என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துவைக்கும். அந்த ஃபைலோடு தகட்டை வேறொரு டிரைவுக்குக் கொண்டுபோகலாம். பாக்கி இடங்களை மட்டும் அந்த டிரைவ் படித்து நிரப்பும். தாலி கட்டும் காட்சியில் ஒரு டிரைவ் விட்ட இரண்டு நிமிடத்தைப் பக்கத்து வீட்டுப் பழைய கணினி எடுத்துத் தரக்கூடும்.